ஆச்சி கேட்ட சீனித் தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடிக்குப் பக்கத்தில் நாச்சியாபுரத்தில் நான் ஆசிரியையாக வேலை பார்த்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. என் கணவருக்கு பஸ் கம்பெனியில் செக்கர் வேலை. விடியும் முன்னே கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சில நாள் வெளியூரிலேயே தங்கிவிடுவதும் உண்டு. எங்களுக்குக் குழந்தை இல்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு செட்டியார் வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டில். ஒரு தெருவில் வாசல் தொடங்கி அடுத்த தெருவில் கொல்லை முடிகிற வீடு அது. சொந்தக்காரர்கள் மெட்ராசில் இருந்தார்கள். முன்பக்கத்துக் கட்டுகளெல்லாம் பூட்டியே கிடக்கும். பின்னால் ஒரு அறை, அடுப்படி, முற்றம், கிணறு, அதை ஒட்டிய குளியலறை, இவ்வளவுதான் எங்கள் புழக்கம். பூட்டிய பக்கத்துச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தது. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலிருந்து செட்டியார் வீட்டில் வேலை செய்தவர். அவ்வப்போது வந்து திறந்து கூட்டிவிட்டுப் போவார்.

நான் அப்போது நல்ல பருமன். இனிப்பென்றால் உயிர். மற்றவர்கள் காப்பிக்குப் போடுகிற சீனி எனக்கு நாக்கில் ஒட்டாது. ரேஷன் சீனி மாத நடுவிலேயே தீர்ந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் விசேஷமென்றால் டீச்சருக்கென்று தனியாக உக்காரையும் கந்தரப்பமும் வந்துவிடும். எல்லாவற்றையும் நானே தின்று தீர்ப்பேன்.

அந்த வருஷம் கோடை விடுமுறை தொடங்கியபோதுதான் தாகம் வந்தது. வெயில் காலம், தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் குடிக்கக் குடிக்க நாக்கு வறண்டது. காலையில் நிரப்பிய பானை மத்தியானத்துக்குள் காலியாகிக் கிடக்கும். நான்தான் குடித்தேனா, இவ்வளவுமா குடித்தேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். வீட்டில் வேறு யாரும் இல்லையே.

அப்புறம் மெலியத் தொடங்கினேன். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் முதலில் நல்லதென்றுதான் சொன்னார்கள். ஒருநாள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கையிலிருந்த வளையல் தானாகக் கழன்று உள்ளே விழுந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீரில் என் முகம் வெறும் கலங்கலாகத் தெரிந்தது. தண்ணீர் அசைந்து அடங்கிய பிறகும் கண்ணும் மூக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எறும்புகள் வந்தன.

பூட்டிய கட்டின் கதவுக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த வரிசை கிளம்பி, முற்றத்தைக் கடந்து, அடுப்படிப் பக்கமே போகாமல் நேராகக் குளியலறைக்குப் போனது. அங்கே சாப்பிட என்ன இருக்கிறது? தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்துவிடும். அவிழ்த்துப் போட்ட உள்பாவாடையில் மொய்த்துக் கிடக்கும். கணவரின் வேட்டி பக்கத்திலேயே கிடந்தாலும் அதை ஒரு எறும்பும் சீண்டாது. என் துணியை மட்டும் தேடி வந்தன. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு பகல் முழுக்க நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா பூட்டிய பக்கத்தைக் கூட்ட வந்தார். தனியே இருக்கப் பயந்து நானும் அவர் பின்னாலேயே போனேன். சன்னல்கள் சாத்தியிருந்த பெரிய கூடம். வௌவால் நாற்றம். கூடத்தின் மறுகோடியில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். ஒடிந்து விழுகிற மாதிரி உடம்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஏதோ இருந்தது. நான் நின்றதும் அவளும் நின்றாள். வீறிட்டு அலறிவிட்டேன்.

அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "பயப்படாதீக டீச்சரம்மா. அங்குட்டு இருக்கது நெலைக்கண்ணாடி. உங்களத்தான் பாத்தீக."

அந்த வெள்ளைச் சேலை, வெயிலுக்கென்று நான் கட்டிக்கொள்வதுதான். கண்ணாடி என்று தெரிந்ததும் பயம் போகவில்லை, கூடிற்று. அந்த எலும்புக்கூடு நான்தானா? அக்காவும் கண்ணாடியில் தெரிந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி நெறையாக் குடிக்கிறீகளா?"

"ஆமாம்."

"எறும்பு வருதா?"

எறும்பைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இந்த வீட்டு ஆச்சியும் இப்படித்தான் இருந்தாக," என்றார் அக்கா. "மகராசி மாதிரி இருந்தவுக, ஒரு வருசத்துல ஒடுங்கிப் போனாக. எந்நேரமும் தண்ணி, தண்ணிதான். கடைசில அவுக படுத்திருந்த பாயச் சுத்தி எறும்பு. அந்தத் தாகத்தோடயே போய்ச் சேந்தாக. டீச்சரம்மா, இப்ப தண்ணி குடிக்கிறது நீங்க இல்ல."

நான் படித்தவள். பேய் பிசாசெல்லாம் கட்டுக்கதை என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் அன்றைக்கு அக்கா சொன்னதை அப்படியே நம்பினேன்.

கணவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். நான் கேட்கவில்லை. அவர் வேலைக்குப் போன ஒரு நாளில் அக்காவோடு சாக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கோடாங்கியிடம் போனேன். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். அக்கா ஆச்சியின் கதையைச் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தாகத்தோடு போன உயிர் என் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அது ஆசைப்பட்டதை வயிறாரக் கொடுத்தால் தானே இறங்கிவிடும் என்றார்.

"ஆச்சிக்கு என்ன பிரியம்?" என்று கேட்டார்.

"சீனித் தண்ணி," என்றார் அக்கா.

அன்றிலிருந்து தினமும் ஆச்சியை நினைத்து ஒரு செம்பு தண்ணீரில் சீனியைக் கரைத்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு நானே குடித்தேன். குடிக்கிறபோது சுகமாக இருந்தது. என் நாக்கு அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் குடித்து முடித்ததும் தாகம் இன்னும் கூடும். ஒரு செம்பு, இரண்டு செம்பாயிற்று. நிற்க முடியவில்லை. எந்நேரமும் தூக்கம் கண்ணைச் சுற்றியது.

அப்படி ஒரு பிற்பகலில் படுத்தவள் வெயில் தாழ்ந்தபோது கண் விழித்தேன். முற்றத்திலிருந்து என் பாயை நோக்கி, பளபளக்கிற தரையின் மேல், சிவப்பாகக் காலடிகள் வந்திருந்தன. ஒற்றைக் கால் மட்டும். கிணற்றடியில் தொடங்கி, பூட்டிய கதவு வரை போய், அங்கிருந்து திரும்பி, நான் படுத்திருந்த இடத்தில் வந்து முடிந்திருந்தன. ஓரங்கள் காய்ந்து கறுத்திருந்தன. எறும்புகள் அந்தச் சுவடுகளைச் சுற்றி வட்டம் வட்டமாக நின்றன.

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் கொண்டுவந்த அக்கா கொல்லைக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். வாய்க்குள் ஆச்சி, ஆச்சி என்று முனகியபடி ஒவ்வொரு சுவடாகத் தாண்டி வந்தார். கடைசிச் சுவட்டுக்கு வந்ததும் அவர் பார்வை என் காலில் நின்றது.

"டீச்சரம்மா, காலத் தூக்குங்க."

என் குதிகாலில் துருப்பிடித்த ஆணி ஒன்று தலைவரைக்கும் இறங்கியிருந்தது. கிணற்றடியில் மிதித்திருக்கிறேன். மிதித்துக்கொண்டே வீடெல்லாம் நடந்திருக்கிறேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கினார். அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. எனக்கு வலியே தெரியவில்லை. யாருடைய காலையோ யாரோ தொடுவதை நான் வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்த கணம் அதுதான். பேய் வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் காலே எனக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தது.

அன்று என் அதிர்ஷ்டம், கணவர் சீக்கிரமே வந்தார். வாடகைக் காரைப் பிடித்து நேராகக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்காவும் கூடவே ஏறிக்கொண்டார். ஒரு லேடி டாக்டர் என் பக்கத்தில் குனிந்தவர், மூச்சில் அழுகிய பழ வாசனை வருகிறதே என்று முகம் மாறினார். சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து, நீல நிற மருந்து இருந்த கண்ணாடிக் குழாயில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"ரத்தத்துல இருக்கிற சர்க்கரையெல்லாம் சிறுநீர்ல இறங்குது. எறும்பு வராம என்ன செய்யும்? பல வருஷமா இருந்திருக்கு, கவனிக்கலை. கண் மங்கினதும் கால் மரத்துப்போனதும் அதனாலதான்," என்றார். "வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?"

கணவருக்குத் தெரியாது. அக்காதான் சொன்னார். டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "இன்னும் கொஞ்ச நாள் அந்தத் தண்ணியைக் கொடுத்திருந்தா இவங்களை நீங்க கொண்டுவந்திருக்கவே முடியாதும்மா," என்றார்.

அக்கா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஊசிகளோடும் காலில் கட்டோடும் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தேன். தாகம் ஒரு காலையில் காணாமல் போயிருந்தது. கண் மெல்ல மெல்லத் தெளிந்தது. புண் ஆறி வீட்டுக்கு வந்த அன்று அக்கா என் அடுப்படிக்குள் நுழைந்து, சீனி டப்பாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

"ஆச்சி கேக்கக் கேக்க நாந்தான் டீச்சரம்மா கரச்சுக் கரச்சுக் குடுத்தேன். அவுக மவ, மருமவ யாரும் பக்கத்துல இல்ல. பாவம், நாக்கு வறண்டு கெடக்காகளேன்னு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டுக் குடுத்தேன். கடைசிச் சொட்டும் என் கையாலதான்."

உங்களுக்குத் தெரியாதே அக்கா, யாருக்குமே தெரியாதே என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை.

சீனியை விடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் சில வாரங்கள் தலைவலி, எரிச்சல், காரணமில்லாத அழுகை. சீனியில்லாத காப்பி கஷாயமாகக் கசந்தது. கருப்பட்டி, வெல்லம் என்று நான் குறுக்குவழி தேடினேன், அதுவும் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோற்றைப் பாதியாகக் குறைத்து, கீரையும் அவித்த பயறும் கேழ்வரகுக் களியும் சேர்த்துக்கொண்டேன். யார் வீட்டிலிருந்து இனிப்பு வந்தாலும் தெருவிலேயே அக்கா மறித்துத் திருப்பிவிடுவார். "டீச்சரம்மாவக் கொல்லப் பாக்குறீகளா?" என்று அவர் சத்தம் போடுவது உள்ளே எனக்குக் கேட்கும்.

தினமும் நடக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை வேலையில்லாமல் செருப்புப் போட்டுக்கொண்டு ஊருணிக் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஊர் என்ன சொல்லும்? விடியற்காலை மங்கலில் வெள்ளைச் சேலையில் ஒருத்தி கரையில் உலாவுகிறாள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. ஆச்சி இறங்கவில்லை, டீச்சரை நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்து மாட்டை விட்டுவிட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். மறுநாளிலிருந்து அக்காவும் என்னோடு நடந்தார். "ரெண்டு பேய்னு சொல்லட்டும், நீங்க வீசி நடங்க" என்பார்.

மாதங்கள் போயின. ஊசி நின்று மாத்திரையானது, மாத்திரையும் பாதியானது. எழுபதுகள் பிறந்தபோது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுமளவுக்குத் தெம்பு வந்திருந்தது. எறும்புகள் எப்போது நின்றன என்று எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் ஒன்று ஞாபகமிருக்கிறது. ஒரு காலை ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவப் படியிறங்கியபோது உள்ளங்காலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. நெருஞ்சி முள். வலித்தது. நான் "ஆ" என்று கத்தியதும் பதறி ஓடிவந்த அக்கா, நான் சிரித்துக்கொண்டே அழுவதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றார். புரிந்ததும் அவரும் அந்த ஈரப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். என் காலுக்காக மட்டும் அவர் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போதும் யாராவது பிரியமாக இனிப்பை நீட்டினால் வேண்டாமென்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பிரியத்தோடு கொடுப்பதெல்லாம் நமக்கு நல்லதுதான் செய்யும் என்று நான் நம்புவதை விட்டுப் பல வருஷங்களாகின்றன, ஆனால் கொடுத்த கையின் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.