கிட்டங்கிக்குள் ஒரு பனிமலை

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. திருநெல்வேலி வண்டியிலிருந்து இறங்கிய அப்பள வியாபாரி ஒருவர், கூடையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"ஒங்க பனியக்கா போயிட்டாங்க வே. மூணு நாள் காய்ச்சலாம். இன்னைக்குச் சாயங்காலம் எடுக்காங்க."

மிச்ச மூட்டைகளைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினேன். அழுகை வரவில்லை. வழியெல்லாம் அந்தப் பெயரைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அது நான் வைத்த பெயர். கேலிக்கு வைத்தது.

அக்காவின் சொந்தப் பெயர் ஞானப்பூ. பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும், ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டில் ஆயாவாக இருந்து, அந்தக் குடும்பத்தோடு கப்பலேறி, சுவிஸ் தேசத்தில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். வந்ததும் பெண்பிள்ளைகள் போர்டிங்கில் மேட்ரன் வேலைக்குக் கேட்டார்கள். கிடைக்கிற மாதிரிதான் இருந்தது. அதற்குள் போர்டிங் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லிவிட்டார்கள்: "அங்கன மலையெல்லாம் பனி. நான் கால்ல பலகையக் கட்டிக்கிட்டு அதுல சறுக்கிக்கிட்டே போவேன்."

நம் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது. வெயில் வந்தால் போய்விடும். அதில் எங்கே மலை, எங்கே பலகை? அப்போது நான் மெட்ரிகுலேஷனைப் பாதியில் விட்டுவிட்டு டவுண் ரத வீதிகளில் வாய் பேசித் திரிந்த சமயம். "பனியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னா நானும் நம்புவேன். எங்க வயல் வரப்புல தெனம் நாலு பேரு விழுதான்" என்றேன். ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. பனியக்கா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

போர்டிங்கை நடத்திய சர்ச்சின் சேகரக் கமிட்டி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தது. பனி என்று அக்கா சொன்னது கோயிலில் பைபிள் வாசிக்கும்போது வருகிற உறைந்த மழையைத்தான் என்று விளங்கியதும் பாதிப் பேர் சாந்தமானார்கள். "மொதல்லயே உறைந்த மழைன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் உபதேசியார். ஆனால் ஒரு பெண்பிள்ளை மலையிலிருந்து நின்றவாக்கில் சறுக்கி வந்தாள் என்பதை ஒருவரும் ஏற்கவில்லை. பொய் சொல்லுகிறவளிடம் பிள்ளைகளை விட முடியாது. 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை உண்டு என்றார்கள். அக்கா சொல்லவில்லை.

ஒருநாள் அக்கா, நாங்கள் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார்கள்.

"எலே, நீதான சங்கரன்? நான் பனியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னவன்?"

"ஆமா."

"வெளையாட்டுக்கா பலகை கட்டுனேன்? கீழ ஊருல போய்ப் பால் வாங்கணும். வெறுங்கால வச்சா இடுப்பு மட்டும் உள்ள போகும். பலகையக் கட்டுனா மேலயே நிக்கலாம். புள்ள பாலுக்கு அழுதா நீ என்ன செய்வ?"

அக்கா கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்தார்கள். உத்திரம் வரை மூட்டைகள். ஒரு மூலையில் உமி மலைபோலக் குவிந்து கிடந்தது. அக்கா ஒரு பிடி உமியை அள்ளிக் கையில் தேய்த்துப் பார்த்தார்கள்.

"சறுக்கிக் காட்ட இது போதும்" என்றார்கள்.

அப்பா நெல் பிடிக்க நாங்குநேரிப் பக்கம் போயிருந்தார். நான்கு நாள் கிடைத்தது. மூட்டைகளை உத்திரத்திலிருந்து தரை வரை படிப்படியாக அடுக்கி, மேலே வண்டிப் பலகைகளைச் சரிவாகப் போட்டு, அதன்மேல் உமியைப் பரப்பினோம். காலுக்கு ஆள் உயரத்தில் இரண்டு மெல்லிய பலகை. நுனி மேலே வளைய வேண்டும் என்றார்கள். நெல் அவிக்கும் கொப்பரையில் நுனியை வேகவைத்து வளைத்தோம். அடியில் விளக்கெண்ணெய் தடவியது என் யோசனை. உமி முழுக்க அதில் அப்பிக்கொண்டது. மறுநாள் அக்கா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். "அங்கனயும் மெழுகுதான் தேப்பாங்க" என்று அழுத்தித் தேய்த்தார்கள்.

முதலில் நான் ஏறினேன். பாதி வழியில் முகம் குப்புற விழுந்தேன். முன்பல்லில் பாதி போயிற்று. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "பைய மடக்கு முழங்கால. வெறச்சுக்கிட்டு நின்னா தள்ளிவிட்டுரும்" என்றார்கள். அதன்பின் நான் ஏறவில்லை.

வந்து பார்க்கட்டும் என்று அக்கா சொல்லி அனுப்பினார்கள்; கமிட்டி தன் பங்குக்குச் சபை மூப்பர் ஒருவரை அனுப்பியது. எழுபது வயது வரை ஒரு பொய்கூடச் சொல்லாதவர் என்று ஊரெல்லாம் பெயர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது என்பதைக் கமிட்டியில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவரை வாசலில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். அக்கா உத்திரத்தைத் தொட்டுக்கொண்டு உச்சியில் நின்றார்கள்.

"என்னலே நடக்கு?" என்றார் மூப்பர்.

"மேல நிக்காங்க, ஐயா."

சர்ரென்று ஒரு சத்தம். உமி பறந்து எங்கள் முகத்தில் விழுந்தது.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாங்க."

"விழுந்தாளா?"

"இல்ல. முழங்கால மடக்கித் திரும்பி, சொவத்துக்கு ரெண்டு முழம் இருக்கும்போதே நின்னுட்டாங்க."

"சேல தட்டலியா?"

"கச்சம் வச்சுக் கட்டியிருக்காங்க. முழங்கால் வரைக்கும்."

மூப்பர் தலையை உள்பக்கம் திருப்பினார். "அங்கன வேற யாரு நிக்கா?" என்றார்.

"மூட்ட தூக்குதவங்க எட்டு பேரு."

கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் கமிட்டியில் ஒப்பித்தார். ஞானப்பூ பொய்க்காரி இல்லை என்று ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள். எட்டு ஆண்களுக்கு முன்னால் முழங்கால் தெரிய நின்றவள் மேட்ரனாக இருக்க முடியாது என்றும் ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

அதைச் சொல்ல நான்தான் போனேன். அக்கா லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"கணுக்கால்னு சொல்லியிருக்கலாம் நான்" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். பெறகு எதுக்குலே அவ்வளவு உமியையும் பரப்புனோம்?" ஊசியை நிறுத்தவில்லை. "நான் பாத்தத நான் சொன்னேன். நீ பாத்தத நீ சொன்ன. இப்ப ரெண்டு பேருக்கும் வேல இல்ல. அந்த நூல எடு."

கடைசி வரை லேஸ் பின்னித்தான் பிழைத்தார்கள். சீமையில் கூரைக்குள்ளேயே பனிக்கட்டித் தரை போட்டு, காலில் இரும்பு கட்டிச் சறுக்குகிறார்களாம் என்று ஒரு பத்திரிகையில் வந்ததை ஒருமுறை வாசித்துக் காட்டினேன். "தரையா? மலை இல்லியா?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்ப நம்ம கிட்டங்கிதான் ஒசத்தி" என்று சொல்லிவிட்டு நூலைக் கடித்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. உபதேசியார் அக்காவின் ஜீவியத்தைச் சொல்லும்போது சுவிஸ் தேசம் வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் மூப்பர் கம்பை ஊன்றி எழுந்தார். இப்போது அவருக்குச் சுத்தமாகப் பார்வை இல்லை.

"நான் கண்ணால பாக்கல. காதால கேட்டேன். சர்ருன்னு மேலேயிருந்து கீழ வரைக்கும் ஒரே சத்தம், நடுவுல அறுபடல. விழுந்தவ சத்தம் இல்ல அது. கமிட்டியில அன்னைக்கு நான் இத சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்."

உட்கார்ந்துவிட்டார். மண் போட்டோம்.

அக்காவின் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடியில் கோயில் மெழுகு மஞ்சளாகக் காய்ந்து, அதில் ஏழெட்டு உமி ஒட்டியிருக்கிறது. சுரண்டவில்லை. என் முன்பல் பாதிதான். யாராவது கேட்டால், வழுக்கி விழுந்தவன் நான் என்று சொல்லுகிறேன்.