கடுகு வெடித்தபோது செய்த மொழிபெயர்ப்பு

லண்டன் ஆஸ்பத்திரிகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்களே, அடுத்தவர் வருத்தத்தையெல்லாம் "நான், எனக்கு" என்று சொல்லிப் பிழைப்பது நம்முடைய தொழில். போன மாதம் ஒரே நாளில், இந்த எழுபது வயதில், எனக்கு மூலவியாதியும் முழங்கால் நோவும் ஆறுமாதக் கர்ப்பமும் இருந்தன.

தொதல்

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து ட்ராமில் வரும் சின்னையா அண்ணைக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. வலது காலில் இரண்டு விரல்கள் கறுக்கத் தொடங்கியதிலிருந்து, கிளினிக்கில் நான்தான் அவருடைய குரல். இனிப்புச் சாப்பிடுவீர்களா என்று டொக்டர் கேட்டா. "தொடுறதேயில்லை" என்றார் அண்ணை. எழுத்துப் பிசகாமல் "நான் தொடுவதேயில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய சட்டைப் பையிலிருந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டிய தொதலின் வாசம் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அவர் மனைவி மனோன்மணி அக்கா, "இண்டைக்கு எத்தினை துண்டு?" என்று பிடித்துக்கொண்டா. அண்ணை யோசிக்கவேயில்லை. "நாலு. ட்ராமிலை திண்டது அரைத் துண்டுதான், அதைச் சேர்க்காதை."

முதலை

புண்ணுக்கு மருந்து கட்டும் நாட்களில் அவர் ஒரு கையை என் பக்கம் நீட்டுவார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வன்னிக் குளத்தில் முதலையோடு நான் மல்லுக்கட்டிய கதையை அவிழ்த்துவிடுவேன். நான் கண்ட ஒரே முதலை மிருகக்காட்சிசாலையில், அதுவும் நித்திரையில். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கதை விடுவது. நோகிற இடம் வரும்போது முதலையின் வாலை ஒரு முழம் நீட்டுவேன்.

மூன்றாம் தடவை, நர்ஸ் பழைய துணியை உரித்துக்கொண்டிருக்கையில், அண்ணை பல்லைக் கடித்தபடி கேட்டார்: "பொறும் தம்பி. இண்டைக்கு வலக்கால் செருப்பெண்டுறீர். போன கிழமை முதலை இடக்கால் செருப்பையெல்லோ கொண்டுபோனது?"

தாளிதம்

ஒரு மத்தியானம் வீட்டிலிருந்து டெலிபோனில் மொழிபெயர்ப்பு. நோயாளியின் பெயர் சொல்லமாட்டார்கள், இலக்கம் மட்டும். ஆஸ்பத்திரியில் ஸ்பீக்கரில் போடுவதால் எல்லாக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு டொக்டர், கால்விரல் எடுக்கிற விஷயம் சொன்னார். பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்போல. அதைப் பாதியாகச் சுருக்கித் தமிழில் சொன்னேன். மறுபக்கத்தில் "ஓம்... ஓம்... ஓம்..."

நம்மவர் வாயில் ஓம் என்பது சம்மதம் மட்டுமல்ல. "சொல்லும், கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பதும் அதே ஓம்தான். அது தெரியாதவனா நான்? கடுகு வெடித்தது. "எனக்குச் சம்மதம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். பொய்யா என்றால், இல்லை. உண்மையா என்றால், தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போது தோன்றவுமில்லை. டொக்டருக்குச் சந்தோஷம்: "இவ்வளவு கெதியாக முடித்துத் தந்ததற்கு நன்றி!"

கடிதம்

இரண்டு கிழமை கழித்து, ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனோன்மணி அக்கா ஒரு கடிதத்தை நீட்டினா. சின்னையா அண்ணையின் இரண்டு விரல்களையும் வெட்ட நாள் குறித்திருந்தது. "இவர் எப்ப தம்பி சம்மதிச்சவர்? அண்டைக்குப் போனிலை ஆரோ ஒரு ஆள் கதைச்சது. பின்னாலை கடுகு வெடிச்ச சத்தம்..." அண்ணை தன்னுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த விசரனோ தெரியேல்லை" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அதைவிடப் பெரிய பொய்களைச் சிரித்துக்கொண்டு சொன்னவன் நான். "அது நான்தான் அக்கா" என்றேன். அவ கடிதத்தை மடித்தா. பிறகு, கோபமில்லாமல்: "நீர் பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லைத் தம்பி. பொய் சொல்லுறதுக்கெண்டாலும், அவர் என்ன சொல்லுறாரெண்டு கேட்டிருப்பீரெல்லோ?"

திரும்பவும்

உள்ளே போய், எங்கள் கிளினிக் டொக்டரிடம் என் பிழையைச் சொன்னேன். அவ கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினா. விரல்களை வெட்டினால் பாதம் தப்பும். பொறுத்தால் விரல்கள் தப்பக்கூடும், பாதமே போகவும்கூடும். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். கோயிலைச் சுத்த ஏலுமோ, செருப்புக் காலிலை நிக்குமோ என்று அண்ணை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் ஓம், ஓம். "கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை" என்று டொக்டரிடம் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் உரக்க "ஓம்" என்றார்.

"எந்த ஓம் அண்ணை?" என்று கேட்டேன்.

"இது கேக்கிற ஓம் இல்லைத் தம்பி, வெட்டச் சொல்லுற ஓம். வடிவாய்ச் சொல்லும்."

கதை விட்டுப் பழகிய வாயை இந்த வயதில் திருத்த ஏலாது, ஆகையால் காதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.