இரண்டாவது சாக்கில் வந்த சிறகுகள்

பூத்தையல் பட்டறையில் அவளை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கையிலிருந்த ஆரி ஊசியின் முனை கொக்கி போல வளைந்திருக்கும் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் சுபாவம். ஒரு விஷயம் மனத்தில் மாட்டிக்கொண்டால் லேசில் கழற்றிவிட மாட்டாள்.

நாற்பத்து மூன்று வயது. உட்கார்ந்தே செய்ய வேண்டிய வேலை, ஆனால் அவளுக்கு உட்காரத் தெரியாது. தண்ணீர் குடிக்க எழுவாள், ஜன்னலைச் சாத்த எழுவாள், சாத்திய ஜன்னலைத் திறக்க மறுபடி எழுவாள். "உன் காலுக்கு அடியில என்ன முள்ளா இருக்கு?" என்று மாஸ்டர் கத்துவார். கத்துவதோடு சரி. அவள் போடுகிற தையலை அந்தப் பட்டறையில் வேறு யாராலும் போட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

பட்டறை ஓர் அச்சகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் தரை லேசாக அதிரும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொக்கிக்கு எதிரே அவள் தங்கை. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவளே அக்காதான். அதனால் அக்கா செய்கிற ஒவ்வொரு வம்புக்கும் தங்கை தலையில் கை வைத்துக்கொள்வாள்.

அந்த வருடம் வந்தது பெரிய வேலை. உடைகளை வடிவமைக்கிற பெண்ணை எல்லோரும் மேடம் என்பார்கள். வயதில் கொக்கியைவிடப் பத்து வருடம் இளையவள். அழிந்துவரும் காடுகளுக்காக நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு, தரையில் இழுபடுகிற நீளமான கவுன் ஒன்றை வரைந்து கொண்டுவந்தாள். கைத்தறித் துணியில் கருத்த இலைகள், இலை மேலெல்லாம் பொன்வண்டின் சிறகு. பழைய கலைதான் அது. பொன்வண்டு சில வாரம்தான் உயிரோடு இருக்கும். தானாகச் செத்து மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கி, முதுகிலிருக்கும் கெட்டியான பச்சைச் சிறகை மட்டும் எடுத்து, இரண்டு முனையிலும் துளை போட்டுத் துணியில் தைப்பார்கள். கவுனோடு தொங்கப் போகும் அட்டையில் என்ன எழுதுவது என்பதைக்கூட மேடம் முடிவு செய்துவிட்டாள்: 'இந்த உடைக்காக ஓர் உயிரும் பறிக்கப்படவில்லை.'

முதல் சாக்கில் வந்த சிறகுகள் அந்த வார்த்தைக்குப் பொருத்தமாகவே இருந்தன. மண் ஒட்டியது, எறும்பு அரித்தது, ஓரம் உடைந்தது என்று பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. இடது தோளும் கழுத்துப் பட்டையும் தைப்பதற்குள் சாக்கு காலி.

இரண்டாவது சாக்கு வந்தபோது தங்கை கைதட்டினாள். "பாருக்கா, ஒண்ணுகூட உடையல! கண்ணாடி மாதிரி இருக்கு."

அதுதான் கொக்கிக்கு உறுத்தியது. செத்து விழுந்து வெயிலிலும் மண்ணிலும் கிடந்த பொருள் இத்தனை சுத்தமாகவா இருக்கும்? ஒரு சிறகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வாடை அடித்தது. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம், உடம்போடு சேரும் இடத்தில், பிசுபிசுவென்று ஈரம்.

"மழையில நனைஞ்சிருக்கும்," என்றார் மாஸ்டர்.

"மழையில நனைஞ்சா மேல நனையும் மாஸ்டர். இது சதை."

"உடைஞ்சு வந்தாலும் குறை, உடையாம வந்தாலும் குறை. தைம்மா."

தைத்தாள். மூன்று நாள் தைத்தாள். அந்த மூன்று நாளும் அவள் எழுந்த கணக்குக்கு அளவே இல்லை. வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். சிரித்துவிட்டான்.

"கரப்பான்பூச்சியப் பாத்தா நாற்காலி மேல ஏறி நிக்கற ஆளு நீ. வண்டுக்கு வருத்தப்படறியா?"

"வருத்தமெல்லாம் இல்ல. எனக்கு அதத் தொடவே அருவருப்புதான். ஆனா உள்ள குறுகுறுன்னு இருக்கு. தைக்கற ஒவ்வொண்ணுக்கும் நான் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "சாக்குல விலாசம் இருக்குமே," என்றான்.

இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். மூன்று மணி நேரப் பயணம். கடைசி நிறுத்தத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தாள். தகரக் கொட்டகை ஒன்று, அதன் பின்னால் மரங்கள். வாசலில் அவள் வயதுள்ள ஒரு பெண் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலை போட்டு மூடிய கூடைகள். கூடைக்குள் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்த கொக்கி பின்னால் நகர்ந்தாள். கூடை முழுக்க உயிருள்ள வண்டுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

பட்டறையிலிருந்து வருகிறேன் என்றதும் அந்தப் பெண் பதறிப்போனாள். "அவசரப்படுத்த அனுப்பினாங்களா? இன்னும் ரெண்டே நாள், அனுப்பிடறோம்னு சொல்லுங்க." சொல்லிக்கொண்டே ஒரு கூடையைத் தூக்கிப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். சரசரப்பு அடங்கிவிட்டது.

கொக்கி பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "தானா செத்ததத்தானே எடுப்பீங்க?"

"அப்படித்தாங்க எடுத்துட்டிருந்தோம். வருஷத்துக்கு ஒரு சின்ன மூட்டை. உங்க மேடம் முதல்ல ஒரு சாக்கு கேட்டாங்க. அப்புறம் பதினஞ்சு நாளுக்குள்ள இன்னும் அஞ்சு சாக்குன்னாங்க. அதது சாகற வரைக்கும் நான் மரத்தடியில உக்காந்திருந்தா ஆகுமா?" அவள் குரலில் தப்பு செய்கிற கூச்சம் இல்லை, வேலை செய்கிற களைப்புதான் இருந்தது. "நீங்க கேட்டீங்க, நாங்க குடுக்கறோம்."

அந்த 'நீங்க' என்ற வார்த்தை திரும்பி வரும் வழியெல்லாம் கொக்கியைக் குடைந்தது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் மேடம் கவுனைப் பார்க்க வந்தாள். எல்லோர் முன்னாலும் கொக்கி தான் பார்த்ததை அப்படியே சொன்னாள். பாத்திரம், கூடை, சத்தம் எதையும் விடவில்லை. மேடத்தின் முகம் வெளுத்தது.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் சொன்னேன் மேடம். இப்ப தெரிஞ்சிடுச்சு."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அவள் போன கையோடு தங்கை வெடித்தாள். "உனக்கு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கவே தெரியாதா? இந்த ஒரு கவுனப் பாத்துதான் அடுத்த வேலை வரும். எட்டு பேர் வயித்துல அடிச்சுட்டியே!"

"தைக்கற நமக்கே தெரிஞ்சும் அந்த அட்டைய மாட்டி அனுப்பலாமா?"

"அட்டைய நாமளா எழுதினோம்?"

தங்கை அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்கோல் வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லி வாங்கினாள்.

மேடம் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். தூங்காத கண்கள். "முதல் சாக்குல வந்தது மட்டும் இருக்கட்டும். மத்ததப் பிரிச்சிடுங்க. மிச்ச சாக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். பாக்கி இடத்துக்கு என்ன பண்றது?"

நிகழ்ச்சிக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. கொக்கி இரண்டு நாள் நூலோடு மல்லுக்கட்டினாள். ஊதா நிறப் பட்டு நூலை அடியில் நெருக்கமாகப் போட்டு, மேலே பச்சை நூலை இடைவெளி விட்டு ஓட்டினால், துணி அசையும்போது நிறம் மாறுவது போலத் தெரிந்தது. வண்டுச் சிறகின் மினுக்கு அதற்கு வராது. அது அவளுக்கே தெரியும். எட்டுப் பேரும் முறுமுறுத்தபடியே தைத்தார்கள். மிகவும் நேர்த்தியாகத் தைத்தது பேசாத தங்கைதான்.

நிகழ்ச்சியை மாஸ்டரின் போனில் பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் இடது தோளும் கழுத்துப் பட்டையும் மட்டும் ஜொலித்தன. மற்ற இடம் மங்கலாக இருந்தது. வேலை முடியாத உடை போலிருக்கிறது என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதினார். பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று இன்னொருவர் எழுதினார். அதைப் பார்த்து உடை கேட்டு வந்தவர்களில் இரண்டு பேர், முழுக்கச் சிறகு வைத்துத் தர முடியாது என்றதும் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நூலிலேயே போதும் என்றாள். வயிற்றில் அடித்ததாக ஆகவில்லை, வாழவைத்ததாகவும் ஆகவில்லை.

கொக்கிக்கு அதோடு நிம்மதி வந்துவிடவில்லை. கொட்டகைப் பெண்ணின் வேலையைக் கெடுத்துவிட்டோமோ என்று போன் செய்தாள்.

"பழையபடி பொறுக்கத்தாங்க போறேன்," என்றாள் அவள். "ஆனா மரத்தடியில ஒண்ணுமே இல்ல. இருந்ததையெல்லாம் கூடையில பிடிச்சிட்டோமே. அடுத்த பருவம் வரட்டும், பாப்போம்."

அடுத்த பருவம் வரும்வரை பத்து நாளைக்கு ஒரு தடவை கொக்கி போன் செய்தாள். "இன்னும் இல்லீங்க" என்று பதில் வரும். கொட்டகைப் பெண்ணின் குரலில் முதலில் சலிப்பு இருந்தது. பிறகு அவளும் அந்தப் போனை எதிர்பார்க்க ஆரம்பித்தாள்.

மழை முடிந்து கொட்டகையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. அதைக் கொக்கி சட்டத்தின் ஓரத்தில் பிரித்துக் கொட்டினாள். ஒரு கை அளவுகூட இல்லை. மண், எறும்புக் கடி, உடைந்த ஓரம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத வெச்சு என்னக்கா பண்ண முடியும்?"

"ஒரு கழுத்துப் பட்டைக்கு வரும்."

தங்கை விரலால் ஒதுக்கி எண்ணிப் பார்த்தாள். "வராது. பாதிக்குத்தான் வரும்," என்று சொல்லிவிட்டு, நல்லதைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினாள்.