கழுத்தில் தொங்கிய அட்டை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அம்சவள்ளியை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். நான் விழுப்புரத்துக்காரி. தினமும் திண்டிவனத்துக்கு வந்து, ஒரு தனியார் பள்ளியில் கிளார்க் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், முதலில் அவள் குரல் வரும்; கூடை பிறகுதான் வரும். பஸ் நிற்கிற ஏழெட்டு நிமிஷத்தில் முன்படியில் ஏறிப் பின்படியில் இறங்கிவிடுவாள். அவள் இறங்காமல் விசில் ஊத எந்தக் கண்டக்டருக்கும் தைரியம் கிடையாது. வாய் அப்படி.

ஊரே போனில் பணம் கொடுக்கப் பழகியபோது அவள் வியாபாரம் படுத்துவிட்டது. இருபது ரூபாய் மல்லாட்டைக்கு யார் கையிலும் இருபது ரூபாய் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கையிலும் இல்லை. பஸ் பாஸும் போனும் இருந்தால் போதும் என்று பர்ஸை மறந்துவிட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அப்போதுதான் ஸ்கேன் பண்ணுகிற அட்டையை இலவசமாகத் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கம்பெனி ஆள் வந்தார். "போன் இருக்குதாம்மா?" என்று கேட்டார். வீட்டில் இருந்த ஒரே போன் புருஷன் முத்துசாமியிடம் இருந்தது. அவளுக்கும் பேங்கில் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அதில் கொடுத்திருந்ததும் முத்துசாமியின் நம்பர்தான். ஆகவே அட்டை முத்துசாமி பேருக்கே வந்தது, காசும் அவன் கணக்குக்கே போனது. அம்சவள்ளி அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பஸ் நகர ஆரம்பித்தாலும் கூடவே ஓடிவந்து அட்டையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். உள்ளேயிருந்து நாலைந்து போன்கள் நீளும்.

"ஏற்கெனவே ஒண்ணு கட்டி வுட்டாங்க. இப்ப அதுக்கு மேல இன்னொண்ணு யக்கா," என்று தாலியையும் அட்டையையும் சேர்த்துக் காட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. முத்துசாமி கொத்தனார். குடிக்கிறவன். முன்பெல்லாம் விற்ற காசு அம்சவள்ளியின் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும். எவ்வளவு விற்றது என்று அவனுக்குத் தெரியாது. "இன்னிக்கி டல்லுய்யா" என்று சொல்லிவிட்டு, நாளுக்கு முப்பதோ நாற்பதோ கேப்பை மாவு டப்பாவுக்குள் புதைத்துவிடுவாள். மகள் வெண்ணிலா ப்ளஸ் டூ வரைக்கும் படித்தது அந்த டப்பாவால்தான். இப்போதோ ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அவன் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது. சாரத்தின்மேல் நின்று பூசிக்கொண்டே அவள் வியாபாரத்தைத் தெரிந்துகொண்டான். வேலை முடிந்ததும் நேரே ஒயின் ஷாப்புக்குப் போனான். மறுநாள் மல்லாட்டை வாங்குவதற்கு அம்சவள்ளி அவனிடமே கை நீட்ட வேண்டியிருந்தது. தான் ஓடி ஓடிச் சம்பாதித்த காசைத் தானே கெஞ்சி வாங்குவதைவிடக் கேவலம் உண்டா? அந்த ஆளைப் பார்க்காமலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த நிலையில் வெண்ணிலாவுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது.

"ஆகஸ்ட் பத்துக்குள்ள பதினஞ்சாயிரம் கட்டிட்டா சீட்டு நம்முளுது யக்கா. டப்பால பழைய காசு ஆறாயிரம் கீது. மீதி ஒம்போதுதான்," என்றாள் அம்சவள்ளி. "அவர்கிட்ட கேட்டேன். பொட்டப் புள்ளைக்கு நர்ஸு படிப்பு எதுக்கு, துணிக்கடைக்கி அனுப்புன்னு சொல்லிட்டாரு."

வழி சொன்னவள் பிரபாவதி. பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கிறவள். அவளுக்குச் சொந்தமாகப் போன் உண்டு, கணக்கு உண்டு, கம்பெனி கொடுத்த அட்டையும் இரண்டு உண்டு. "என் அட்டை ஒண்ணத் தூக்கி மாட்டிக்கடி. காசு எங்கிட்ட வுழட்டும். ஒம்போது சேந்ததும் எடுத்துக் குடுத்துடறேன்," என்றாள். பஸ் ஸ்டாண்டு பெண்கள் சில்லறை மாற்றிக்கொள்வார்கள், குடை மாற்றிக்கொள்வார்கள், ஒருத்தி டீ குடிக்கப் போனால் இன்னொருத்தி கடையைப் பார்த்துக்கொள்வாள். அதே மாதிரி அட்டையையும் மாற்றிக்கொண்டார்கள். பிரமாதமான யோசனை என்று நானும்தான் தலையாட்டினேன்.

ஒரே கயிற்றில் முன்பக்கம் முத்துசாமி, பின்பக்கம் பிரபாவதி. நாலு பேரில் ஒருத்தருக்கு மட்டும் புருஷன் பக்கத்தைக் காட்டுவாள். மற்ற மூன்று பேருக்கும் அட்டையைத் திருப்பிப் பிடிப்பாள். அப்போதுதானே அவனுக்கும் கொஞ்சம் 'டிங்' கேட்கும், சந்தேகம் வராது. வீட்டில், மழை என்று ஒரு நாள், பஸ் லேட் என்று ஒரு நாள், பொய் சொல்லிச் சமாளித்தாள். ஐந்து வாரத்தில் எட்டாயிரம் சேர்ந்துவிட்டது. எனக்கு ஒரு கை கூடுதலாகவே மல்லாட்டை போட்டாள்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பிரபாவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் மகளிர் குழுவில் கடன் வாங்கி, மூன்று தவணை கட்டாமல் விட்டிருந்தாள். கடன் கொடுத்த கம்பெனி, கணக்கிலிருந்து தானாகவே ஏழாயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

"என் கணக்குல எப்பவும் காசே இருக்காதுடி. அவனுங்களும் மாசா மாசம் தட்டிப் பாத்துட்டு சும்மா வுட்டுடுவானுங்க. அதையே மறந்து பூட்டேன். இப்ப காசு இருந்துச்சி, எடுத்துக்கினானுங்க," என்றாள்.

காது கம்மலைக் கழற்றி நீட்டினாள். அது கவரிங். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

அம்சவள்ளி அழவில்லை. ஐந்தரை பஸ் வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். யானை வாய்க்குப் போன கரும்பு திரும்புமா? இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, விற்றுப் பார்ப்போம் என்று நினைத்திருப்பாள். பஸ் நிறையக் கூட்டம். அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அப்போது பின்படியில் சிமெண்டு படிந்த காலோடு ஒல்லியாக ஓர் ஆள் ஏறி நின்றான். நான் மனதில் வைத்திருந்த மீசைக்கார முரடன் இல்லை. ஆனாலும் அவள் முகம் போன போக்கில் அதுதான் முத்துசாமி என்று தெரிந்துவிட்டது.

"ஏ அம்சா, டல்லுன்னு சொன்ன? அஞ்சு பேரு போட்டதப் பாத்துக்கினு நிக்கறேன். என் போனு ஒரு வாட்டிதான் அடிச்சுது."

அவன் போனை எடுத்து, பொண்டாட்டி கழுத்தில் தொங்கிய அட்டையைத் தானே ஸ்கேன் பண்ணினான். திரையைப் பார்த்தான்.

"பிரபாவதின்னு வருது. நீ எப்ப பிரபாவதி ஆன?"

பஸ்ஸில் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"என் பேரு எங்கயும் வராதுய்யா," என்றாள் அம்சவள்ளி. "ஓடறது மட்டுந்தான் நான்."

அவன் அடிக்கவில்லை. அட்டையைப் பிடித்து இழுத்தான். கயிறு அறுந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கண்டக்டர் முதல் முறையாக அவள் இறங்குவதற்கு முன்பே விசில் ஊதினார். இரண்டு பேரும் அவசரமாக இறங்கினார்கள். என் போனில் அன்று அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. நான் ஸீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அட்டை இல்லாத கழுத்தோடு நின்றாள். இரவெல்லாம் குத்திய மனச்சாட்சியோடு, "நான் மீதியைப் போட்டுவிடறேன் அம்சா, அப்புறமா தா," என்று போனைத் திறந்தேன்.

"எந்த நம்பருக்கு யக்கா போடுவீங்க?" என்று கேட்டாள்.

பேங்கில் எடுத்து நோட்டாகவே தருகிறேன் என்றேன். "டப்பாவையும் பாத்துட்டாரு. ஆறாயிரமும் போச்சி," என்றாள். அப்படியானால் ஏறக்குறைய பதினைந்தாயிரமும் வேண்டும். பதினைந்து என்றதும் என் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. என் லட்சணம் அவ்வளவுதான். பத்தாம் தேதி வந்தது, போனது.

வெண்ணிலா விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். சம்பளத்தைக் கையில் தரச் சொல்லு என்று அம்சவள்ளி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். கையில் தருவதெல்லாம் இல்லை, கணக்கில்தான் போடுவோம் என்றுவிட்டார்கள். வெண்ணிலாவிடம் இருந்தது ஒரே ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காக ஆரம்பித்தது. அன்றைக்கு அதில் எழுதிக் கொடுத்தது வீட்டில் இருந்த ஒரே போன் நம்பர்.

போன வாரம் அம்சவள்ளி ஜன்னலோரம் வந்து நின்றாள். இப்போதெல்லாம் அவளுக்காக நான் இருபது ரூபாய் நோட்டாக வைத்திருக்கிறேன். கொடுத்தேன். பொட்டலத்தை நீட்டியவள் கையை எடுக்கவில்லை.

"காலைல மூணு பேரும் கூழு குடிச்சிக்கினு இருந்தோம். அவரு பையில போனு அடிச்சுது. எடுத்துப் பாத்துட்டு, 'நம்ம பொண்ணு சம்பளம் போட்டுட்டாங்க'ன்னு சிரிச்சாரு. அவ தலையத் தூக்கவே இல்ல."

விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது. அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"எனக்கு அடிச்ச அதே சத்தம் யக்கா."