ரோட்டுக்கு வந்து சொன்னது

நனைந்த நிலக்கடலை மூட்டையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மூட்டையை, பிரித்தால் ஒரு வாடை வரும், எண்ணெய் புளித்து மண்ணோடு அழுகும் வாடை. நேற்று செஞ்சியில் ஒரு மண்டி வாசலில் அது மூக்கில் ஏறியதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். சிங்கவரம் பாதையோரத்து எங்கள் புன்செய்க் கொல்லை, என் நைனா, முழங்கால் சேற்றோடு வி.ஏ.ஓ. அம்மா எல்லாம் கண்முன் வந்தன.

அந்த ஐப்பசியில் புயல்மழை விடாமல் கொட்டியது. மல்லாட்டை பறிக்கப் பத்து நாள்தான் பாக்கி. சுற்றிலும் நெற்பயிர் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. அந்த நஷ்டம் யார் கண்ணுக்கும் தெரியும். எங்கள் செடியோ தண்ணீர் வடிந்ததும் பச்சைப்பசேலென்று நின்றது. மண்ணுக்குள் காயெல்லாம் முளைத்தும் அழுகியும் கிடந்தது. மூன்றில் ஒரு பங்காவது அழிந்ததாக வி.ஏ.ஓ. எழுதினால்தான் அரசு நிவாரணம். அது வந்தால்தான் அடுத்த பட்டத்துக்கு விதை; இல்லையென்றால் கொல்லை தரிசாகக் கிடக்கும். பட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி நான் நின்றிருந்தேன்.

கணக்கெடுக்க வந்த அந்த அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கொல்லைக்குள் இறங்கிவந்து, "செடி எப்படிங்க இருக்குது, பெரியவரே?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது மேடம்" என்றார் நைனா.

எனக்கு உயிரே போய்விட்டது. "இன்னா நைனா பேசற?"

"சும்மா இர்றா. நெலத்துல நின்னுக்குனு, பயிர் போச்சுன்னு சொல்வாங்களா? வாய் வெளங்குமா?"

அது அவர் பழக்கம். பயிர் நிற்கும் இடத்தில் நின்று அதைப் பற்றிக் கெட்டது பேசமாட்டார், படுத்திருக்கும் நோயாளியின் காதுபட யாரும் சாவைப் பேசாததுபோல.

சேதமில்லை என்று எழுதிவிட்டு அந்த அம்மா நடையைக் கட்டியிருக்கலாம். விவசாயியே சொல்லிவிட்டார், செடியும் பச்சை, யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பேனாவை மூடிவிட்டு நைனாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கப்பாவும் இப்படித்தான்" என்று சிரித்தார். "ரோட்டுக்கு வாங்க, அங்க பேசலாம்." தார்ரோட்டில் ஏறியதும் கோட்டை மலையைப் பார்த்தபடி, முதல்முறை கேட்பவர்போல மறுபடி கேட்டார்.

"இப்ப சொல்லுங்க. செடி எப்படி இருக்குது?"

"எல்லாம் பூட்சும்மா. ஒரு காய் தேறாது." சொல்லிவிட்டு நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கினார். நான்கு மூலையிலும் நடுவிலும் செடியைப் பிடுங்கி, காயை நசுக்கி முகர்ந்து, போட்டோ எடுத்து, எழுதினார்.

விதைப்புக்கு முன்னால் பணம் ஏறியது, விதைத்தோம். நன்றி சொல்லலாம் என்று நான் போனபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். அதன்பிறகு எத்தனையோ ஆபீஸ் வரிசைகளில் நின்றுவிட்டேன். பதில் தப்பாக வந்ததும், கேள்வி கேட்ட இடத்தை மாற்றிப் பார்த்த ஒருவரை இன்னும் சந்திக்கவில்லை. அவரை நினைத்தால் இப்போதும் கை தானாகக் குவிகிறது.

அன்று அவர் வண்டியைக் கிளப்பும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நைனாவுக்கு மேடம் என்பது மறந்துபோயிற்று.

"சாப்டியாம்மா?"

"இன்னும் நாலு கொல்லை இருக்குதுங்க. இருட்டறதுக்குள்ள பாத்துடணும்."