தையல் டீச்சர் வரும் கிழமை

நான் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையும் மட்டுமே இங்கே இடம்பெறும். சமூகப்பணியில் இத்தனை ஆண்டு உழன்றபின் என்னிடம் எஞ்சியிருக்கும் ஒரே கண்டிப்பு இது. நோயாளி ஒருவரின் வரலாற்றில் முதற்பணியாளர் 'இருக்கலாம்' என்று எழுதுவார். அடுத்தவர் 'இருக்கிறது' என்று படியெடுப்பார். மூன்றாமவர் அதை நம்பி ஒரு குடும்பத்துக்கு அறிவுரை சொல்லப் புறப்படுவார். அப்படிப் புறப்பட்டுப் போய்த் திரும்பிய களைப்பு எனக்கு நன்கு பழகியது. ஏர்வாடிக்கு அண்மையில் உள்ள ஒரு கடற்கரை ஊர் என்பதற்கு மேல் இடத்தைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயரும் வராது.

அந்த வீட்டில் தாயும் இரு மகள்களும் இருந்தார்கள். தந்தைக்கு வளைகுடாவில் வேலை. மூத்தவள் மனநோய்க்கு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். வீடு திரும்பிய தொடக்க மாதங்களில் மருந்து நின்றுபோவதும் நோய் மீள்வதும் மிகுதி. அக்காலத்தில் ஒருவர் தொடர்ந்து வீட்டுக்குச் சென்று நோயாளியோடும் வீட்டாரோடும் பேசிவந்தால் அந்த இடர் குறையும். ஆய்வுகள் பலவும் ஒத்துச் சொல்லும் இம்முடிவை நம்பி, முழங்கால் வலியோடு வாரந்தோறும் பேருந்து ஏறினேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் என்னை வழிமறித்தார்.

"டீச்சரம்மா, இந்தத் துணியில ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுங்க. போன தடவ தச்சவன் கழுத்த நெரிச்சு விட்டுட்டான்."

விளங்காமல் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெருவுல யாரு யாருன்னு கேட்டாக. மூத்தவளுக்குத் தையல் சொல்லிக்குடுக்க வாராகன்னு சொல்லிட்டேன்."

"எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாதேம்மா."

"அப்ப நான் உங்களுக்குச் சொல்லித் தாரேன்," என்றாள் மூத்தவள். அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான் முதன்முறை.

இளையவளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவளின் நோய் வெளியே தெரிந்தால் அந்தச் சம்பந்தம் நிற்காது என்பது தாயின் அச்சம். அடுத்த வாரம் தந்தையின் குரற்பதிவைக் கைப்பேசியில் எனக்குப் போட்டுக்காட்டினார்: "அந்தம்மாவ வரவேணாம்னு சொல்லு. நிக்காஹ் முடியட்டும், அப்புறம் பாப்போம்."

அலுவலகத்தில் மேலதிகாரியும் அதையே சொன்னார். இளையவள் மணமாகிப் போனதும் வீட்டுச்சந்திப்பைத் தொடரலாம். அதுவரை தொலைபேசி போதும். எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் சிக்கல் என்னும் ஊருக்குப் பக்கத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவள். மணமான பெண் வீட்டைவிட்டுப் போவாள் என்றே கண்டு பழகியவள். தாயிடம் சொன்னேன்.

"எங்கன போவா?" என்றார் அவர். "எங்கள்ல பொண்ணு போகாதும்மா. மாப்பிள்ளதான் இங்கன வருவாரு."

மணம் முடிந்தால் மறைப்பும் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். அந்த வீட்டிலோ யாரிடம் மறைக்கவேண்டுமோ அவரே மணத்தன்றுதான் குடிவரப்போகிறார். ஆய்வின்படி, வீட்டிலுள்ள அனைவரும் நோயைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. தாயின் எண்ணப்படி, மருமகன் அறியவே கூடாது. ஆய்வின் முடிவு, பணியாளரின் பட்டறிவு, நோயாளியின் விருப்பம் மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று பயிற்சிக்கு வருவோர்க்கு நானே பாடம் நடத்துகிறேன். அந்த வீட்டிலோ மூத்தவளை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டேன்.

"வராம இருந்துறாதீங்க," என்றாள். "உம்மா பக்கத்துல நின்னு முழுங்கு முழுங்குன்னா எனக்குத் தொண்டையில நிக்கிது. நீங்க வந்து போறதாலதான் நானா எடுத்துப் போடுறேன். ஆனா துணியோட வாங்க. மாப்பிள்ளகிட்டச் சொல்லணும்னா நானே சொல்லிக்கிறேன்."

"சொல்லிருவியா நீ?" என்று தாய் பதறினார்.

"தங்கச்சிக்கு வருத்தம் வராத நாளாப் பாத்துச் சொல்லுவேன்."

"அப்படி ஒரு நாளு உலகம் அழிஞ்சு கியாமத்து வந்ததுக்கு அப்புறந்தான் வரும்."

 சொல்லிவிட்டுத் தாய் கைப்பேசியை எடுத்துக் கணவருக்குக் குரற்பதிவு அனுப்பினார்: "இந்தாங்க, தையலப் பாதியில நிப்பாட்டினா, ஏன் நின்னுச்சுன்னு தெருவே கேக்கும். அவுக வரட்டும்." மறுப்பு வந்ததாக நான் கேட்கவில்லை.

நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை வந்து தங்கினார். நான் துணிப்பையோடு போய்வருகிறேன். அலுவலகக் குறிப்பில் வருகையின் நோக்கத்தை உள்ளபடியே எழுதுகிறேன். தெருவிலோ டீச்சர் என்ற அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கிறேன். சொல்லில் இவ்வளவு கண்டிப்புள்ளவளுக்கு அது எளிதாக இல்லை. என் ஓரத்தையல் இன்னும் கோணலாகவே போகிறது. மூத்தவள் பிரித்துப் பிரித்துத் தைக்கச் சொல்கிறாள்.

கதவை மாப்பிள்ளை திறப்பார். "டீச்சர் வந்திருக்காக," என்று உள்ளே குரல் கொடுப்பார். மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போடுவார். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் கிளம்பும்வரை ஒருமுறையும் அவர் திரும்பி வந்ததில்லை.

இதை எழுதும் நாள்வரை நோய் மீளவில்லை. அதற்குக் காரணம் மருந்தா, என் வருகையா, தையலா என்பதை ஒரே ஒரு வீட்டைக் கொண்டு சொல்ல இயலாது. மூத்தவள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளா என்பது தெரியாது. அவர் வெளியே போவது பெண்கள் பேசும் இடத்தில் இருக்கவேண்டாம் என்ற மரியாதையாலா, எல்லாம் அறிந்ததாலா என்பதும் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.