தேவராசுவின் எக்கோவுக்கு ஒரு ஐ.சி.

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு என்றால் கொஞ்ச நேரம் சால்டரிங் செய்வது, மிச்ச நேரமெல்லாம் கடைக் கவுண்டரில் நின்று "அந்த ஐட்டம் இப்ப வர்றதில்லீங்க" என்ற பதிலைக் கேட்பது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு பழைய ஐ.சி. சிப்புக்காகச் செருப்புத் தேய அலைந்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

நெல்லித்தோப்பில் எனக்கு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. அது வயிற்றுக்கு. மனசுக்கு, பழைய சர்க்யூட்டுகளைக் கட்டிப் பார்ப்பது. அப்படி நான் கட்டியவற்றில் ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று, என் நண்பன் தேவராசுவுக்குச் செய்து கொடுத்த எக்கோ பெட்டி. தேவராசு மெல்லிசைக் குழுவில் பாடுகிறவன். வயது ஐம்பத்தெட்டு. வரி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். முடிகிற இடத்தில் என் எக்கோ அவன் குரலைப் பிடித்துக்கொண்டு போய் அடுத்த வரியில் இறக்கிவிடும். புது டிஜிட்டல் பெட்டியிலும் பாடிப் பார்த்தான். அது அவன் மூச்சு வாங்குகிற சத்தத்தை நாலு தடவை சுத்தமாகத் திருப்பிச் சொன்னது.

மாசி மாதம் பெட்டிக்குள் இருந்த எம்.என். 3005 என்கிற ஐ.சி. செத்தது. அதைச் செய்வதை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிறது. ஆடித் திருவிழாவுக்குள் குரல் சரியாக வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். தேவராசு நேராக என்னிடம் வந்தான். "உங்கிட்ட ஒன்னு இருக்குமா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

இருந்தது. வீட்டு அலமாரியில், பிஸ்கட் டப்பாவுக்குள், ஒன்றே ஒன்று. எனக்கென்று என்றைக்கோ கட்டப்போகிற எக்கோவுக்காக ஒதுக்கி வைத்தது. கட்ட ஆரம்பிக்கவில்லை, போர்டுகூட வாங்கவில்லை. ஆனாலும் அது எடுக்கக் கூடாத ஐ.சி. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும், நடிக்க வேண்டாம். ஆக, வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடக் கிளம்பினேன்.

எட்டுக்கு எட்டு

முதலில் பஜாரில் இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடை. முதலாளி முப்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டிய பொருள் எதுவும் அவர் கடையில் இல்லை. கைக்கு எட்டுவது ஸ்டாக், எட்டாதது 'இப்ப வர்றதில்லை'.

நம்பரைச் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார். பிறகு கைக்கு எட்டிய டப்பாவிலிருந்து ஒரு ஐ.சி.யை எடுத்து, "இது ஈக்வலண்ட்டு" என்று வைத்தார். பார்த்தால் அது டைமர் ஐ.சி. லைட்டை அணைத்து அணைத்து எரிய வைக்கிற சாமான். அதைப் போட்டால் தேவராசு பாட மாட்டான், கண்ணடிப்பான். இதற்கும் எக்கோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அதுக்கும் எட்டு காலு, இதுக்கும் எட்டு காலு. இன்னும் இன்னாதான்யா வேணும் உனக்கு?"

நெயில் பாலிஷ் ரிமூவர்

அடுத்தது இணையம். ஐந்து பீஸ் வரவழைத்தேன். எம்.என். 3005, வெள்ளை எழுத்து, பளபளவென்று கல்யாணப் பத்திரிகை மாதிரி. உற்பத்தி நின்றுபோன சாமான் இவ்வளவு புதுசாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் தேடி அலுத்தவனுக்குச் சந்தேகம் வராது, சந்தோஷம்தான் வரும். உங்களுக்குத் தெரியாததா?

ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. என் மனைவி அமுதாவின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மேலே தேய்த்தேன். எழுத்து அப்படியே பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறு நம்பர், பொம்மைக் காருக்குள் போடுகிற சாதி. பழைய முகத்தைத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயர் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். திட்டிக்கொண்டே ஐந்தையும் குப்பையில் போட்டேன். அமுதா காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊட்டுல நல்லத ஒன்ன வச்சிக்கினு ஊர்ல தேடுறவங்களுக்கு வேற எப்படிங்க வரும்?"

சின்ன ஐட்டம்

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய சாமான் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் ஒரு கரோக்கி மெஷின் கிடந்தது. மூடியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே, போர்டின் நடுவில், எம்.என். 3005. உண்மையானது. என் முகம் மலர்ந்துவிட்டது. கூடாது. பழைய சாமான்காரர் முன்னால் முகம் மலர்ந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். அதனால் அலட்சியமாக, "மெஷின் வேணாங்க, உள்ள ஒரு சின்ன ஐட்டம் இருக்குது, அது மட்டும் போதும்" என்றேன். ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வருகிறேன் என்று ஸ்கூட்டரை நோக்கி ஓடினேன்.

திரும்பி வந்தால் மனிதர் சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறார். மெஷின் மூன்று துண்டு. போர்டு நாலு துண்டு. ஐ.சி.யின் நடுவிலேயே விழுந்திருக்கிறது அடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவருக்கு என் வருத்தம் புரியவே இல்லை. பாதி ஐ.சி.யை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சின்னதுதான் வேணும்னியேண்ணா, அதான் சின்னதாக்கிக் குடுத்துட்டன்."

பதினொன்று

எங்கள் ஹாபிக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். இருப்பதைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுகிற படம் போடுவார்கள். ஒருநாள் முசியே அந்துவான் தன் அலமாரியின் இழுப்பறை ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பிரெஞ்சு பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற எழுபது வயதுக்காரர், அதனால் ஊருக்கு அவர் 'முசியே', அதாவது ஐயா. படத்தில் எம்.என். 3005. பதினொன்று!

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்து, காபி கொடுத்து, தேவராசுவின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "போவ்ர் தேவராசு" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பாவம் என்று அர்த்தமாம். பதினொன்றையும் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆர்கன் ஒன்று கட்டப்போகிறாராம். எப்போது? அதுதான் இன்னும் யோசிக்கவில்லையாம். ஒன்றே ஒன்று கொடுங்கள் என்று கெஞ்சினேன். இழுப்பறையை மெதுவாக மூடினார். கஞ்சன், பிசினாறி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு எழுந்தேன். திட்டு முழுக்க எனக்கும் பொருந்துகிறது என்று வாசல்படி இறங்கும்போதுதான் உறைத்தது. அவர் கதவைச் சாத்துவதற்கு முன் சொன்னது: "பதினொன்னுல ஒன்னு குடுத்துட்டா அப்புறம் பத்துதான தம்பி இருக்கும்?"

டப்பா

ஆனி முடிகிற நேரம். தேவராசு கடைக்கு வரவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை நோணாங்குப்பத்தில் அம்மன் கோயில் கச்சேரி, அதுதான் கடைசி வாய்ப்பு என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் அடுத்து எந்த ஊரில் தேடலாம் என்று ஆரம்பித்தேன். அமுதா டீ கொண்டுவந்து வைத்தாள். டீக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பாவையும் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

வேறு வழி இல்லை, திறந்தேன். தெர்மாகோல் துண்டில் குத்தி வைத்திருந்த ஐ.சி. அப்படியே இருந்தது. மெதுவாகப் பிடித்து இழுத்தேன். உடம்பு மட்டும் கையோடு வந்தது. ஐந்து கால்கள் தெர்மாகோலிலேயே நின்றுவிட்டன. எங்கள் கடலோர ஊரின் உப்புக் காற்று தகர டப்பாவுக்குள்ளும் போகும் என்பது ரிப்பேர்காரனான எனக்குத் தெரியாமல் இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொரு போர்டிலும் அதைத்தானே சுரண்டிக்கொண்டிருக்கிறேன்! என் பொக்கிஷத்தை மட்டும் அது தொடாது என்று நம்பியிருந்தேன். மிச்சமிருந்த குச்சிகளில் கம்பி வைத்து ஒட்டிப் பார்த்தேன், கை சுட்டதுதான் மிச்சம். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. தேவராசு ஆறிப்போன டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வரேன் பா" என்றான்.

கோரஸ்

வெள்ளிக்கிழமை நோணாங்குப்பத்துக்குப் போனேன். மேடையின் நடுவில் ஒரு இளம் பாடகர், நல்ல மூச்சு, எக்கோவே தேவைப்படாத குரல். தேவராசு ஓரத்தில் இரண்டு பெண்களோடு நின்று "லல லல்லா" பாடிக்கொண்டிருந்தான். முப்பது வருஷம் நடுவில் நின்றவன். கூட்டத்தில் யாரும் அவனைத் தேடவில்லை. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவன், பழக்க தோஷத்தில் ஐ.சி.யைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். தெர்மாகோலில் வைத்தது தப்பு, அலுமினியத் தாளில் சுற்றியிருக்க வேண்டும் என்றெல்லாம். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "நா மாசில வந்து கேட்டனே, அன்னிக்கு அதுக்குக் காலு இருந்துச்சா?"

நான் இப்போது திருந்திவிட்டேன், யார் வந்து எந்த பார்ட் கேட்டாலும் டப்பாவைத் திறந்து எல்லாக் கால்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்கிறேன்.